காய்ச்சல் விட்ட வாய்க்கு ஒரு மீன் சூப்

"அக்கா, காய்ச்சல் விட்டுடுச்சு. ஆனா கஞ்சியைப் பார்த்தாலே குமட்டுது. நமக்கு உடம்பு சரியில்லைன்னா அம்மா வெச்சுக் குடுப்பாங்களே மீன் சூப், அது எப்படிக்கா வைக்கணும்?"

நேற்று ராத்திரி தங்கை போனில் கேட்டாள். வேலைக்காக வெளியூரில் தனியாக வீடு எடுத்திருக்கிறாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளைப் போல முதல்முறை அடுப்படியில் நிற்கிற தங்கச்சி தம்பிகள் எல்லாருக்கும் இது ஆகும்.

முதலில் ஒன்றை மனசில் வை. குழம்பில் புளியும் மிளகாயும் எண்ணெயும் சேர்ந்து மீனின் குறையை ஓரளவு மூடிவிடும். சூப்பில் மூட ஒன்றுமே கிடையாது. மீன் எப்படியோ சூப்பும் அப்படியே. அதனால் பாதி வேலை சந்தையிலேயே முடிந்துவிடுகிறது.

1. கொழுப்பு குறைந்த மீனாக வாங்கு

சூப்புக்கு வெள்ளைச் சதை மீன்தான் சரி. கிழங்கான், சங்கரா, விளைமீன், கொடுவா, ஷீலா இதில் எது கிடைத்தாலும் போதும். கிழங்கான் பஞ்சு மாதிரி இருக்கும், நோய் விட்டவர்களுக்கு ரொம்ப இதம். சங்கரா, விளைமீன் என்றால் தலையை விட்டுவிடாதே, ருசியே அதில்தான். மத்தியும் கானாங்கெளுத்தியும் நல்ல மீன்தான். ஆனால் எண்ணெய்ப்பசை அதிகம், வாசனையும் தூக்கல். அவற்றைக் குழம்புக்கு வைத்துக்கொள்.

கடல் மீன் வராத ஊர் என்றால் விரால் வாங்கு. அது வெளிக்காற்றையும் சுவாசிக்கிற மீன். அதனால் தொட்டியில் உயிரோடு வைத்தே விற்பார்கள், பழசா புதுசா என்ற சந்தேகமே வேண்டாம்.

நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் பெரிய மீனைத் தேடி அலையாதே. நாட்டுப்படகில் வருகிற சின்ன மீன்களே சூப்புக்குத் தாராளம்.

2. கண், செவுள், சதை மூன்றையும் பார்

கண் தெளிவாக, சற்றுத் துருத்திக்கொண்டு இருக்க வேண்டும். உள்ளே போய் வெளுத்திருந்தால் வேண்டாம். செவுளைத் தூக்கிப் பார், சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் தள்ளி நில். விரலால் அழுத்தினால் சதை உடனே எழும்ப வேண்டும், குழி விழுந்து நிற்கக் கூடாது. கூச்சப்படாமல் தொட்டுப் பார். நல்ல மீன் வைத்திருக்கிற மீன்காரம்மா தானே எடுத்துக் காட்டுவார். வீடு தூரம் என்றால் பையில் ஐஸ் போட்டுத் தரச் சொல்.

3. கசப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்

வெட்டித் தரும்போதே செவுளை முழுக்க எடுக்கச் சொல். தலையோடு செவுளும் சட்டிக்குள் போனால் சூப் கசக்கும், கலங்கும். பித்தப்பை உடையாமல் குடலை எடுக்க வேண்டும். உடைந்துவிட்டால் அந்தப் பச்சை பட்ட இடத்தை நறுக்கி எறிந்துவிடு. வயிற்றின் உள்பக்கம் கறுப்பாக ஒரு தோல் ஒட்டியிருக்கும், முதுகெலும்பை ஒட்டி ரத்தம் உறைந்திருக்கும். இரண்டையும் விரலால் தேய்த்து எடு. கவிச்சி வாடை பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

பிறகு கல்லுப்பும் மஞ்சள்தூளும் போட்டுப் புரட்டி, மூன்று தண்ணீரில் அலசு. விரால் என்றால் கொஞ்சம் புளியும் சேர்த்துத் தேய்த்தால் வழவழப்பும் சேற்று வாடையும் போய்விடும்.

4. அளவு இவ்வளவுதான்

இரண்டு பேர் வயிறாரக் குடிக்க: மீன் அரைக் கிலோ, தண்ணீர் ஒரு லிட்டர், சின்ன வெங்காயம் 8, பூண்டு 4 பல், இஞ்சி ஒரு விரல்கணு அளவு, தக்காளி ஒன்று, மிளகு ஒரு டீஸ்பூன், சீரகம் அரை டீஸ்பூன், கொத்தமல்லி ஒரு பிடி, எலுமிச்சை அரை மூடி, மஞ்சள் ஒரு சிட்டிகை, உப்பு. எண்ணெயும் தாளிப்பும் வேண்டாம். காய்ச்சல் விட்ட வயிறு அதைத் தாங்காது.

மிளகையும் சீரகத்தையும் வாங்கின பொடியாகப் போடாமல் அப்போதைக்கப்போது நுணுக்கிப் போடு. சட்டி திறந்ததும் வாசனையிலேயே வித்தியாசம் தெரியும்.

5. தலையும் முள்ளும் முதலில், சதை கடைசியில்

இதுதான் அம்மாவின் கைப்பக்குவம். மீனை எல்லாம் ஒன்றாகச் சட்டியில் போடாதே. தலை, வால், நடுமுள் மூன்றையும் தனியாக எடு. பச்சைத் தண்ணீரில் அவற்றைப் போட்டு, தட்டிய வெங்காயம், பூண்டு, இஞ்சி, மஞ்சள், கொத்தமல்லித் தண்டு சேர்த்து அடுப்பில் வை. சூடேறும்போது மேலே வெள்ளை நுரை திரளும். பொறுமையாகக் கரண்டியால் வழித்து எடு. அதை எடுத்தால்தான் சூப் தெளியும்.

கொதி வரத் தொடங்கியதும் தீயைக் குறை. ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி விட்டால் போதும், தளதளவென்று கொதிக்கக் கூடாது. கொதித்தால் கொழுப்பும் துகளும் கலந்து சூப் கலங்கிப்போகும். 20 நிமிடத்திலிருந்து 25 நிமிடம் போதும். ஆட்டெலும்பு மாதிரி மணிக்கணக்கில் வேகவைக்காதே. மீன் முள்ளில் உள்ள சத்தும் ருசியும் சீக்கிரமே இறங்கிவிடும், அதற்கு மேல் போனால் கசப்பு தட்டும். குக்கர் பக்கமே போகாதே.

அடுத்து வடிகட்டு. நுணுக்கமான வலையுள்ள டீ வடிகட்டியே போதும், பொடி முள் ஒன்றுகூடத் தப்பாது. வடிகட்டிய சாற்றை மறுபடி அடுப்பில் வைத்து, நறுக்கிய தக்காளியும் மிளகு சீரகமும் போட்டு ஐந்து நிமிடம் விடு. பிறகு சதைத் துண்டுகளை இறக்கு. மெல்லிய துண்டு என்றால் நாலைந்து நிமிடத்தில் வெந்துவிடும். கண்ணாடி போல இருந்த சதை வெள்ளையாகி, கரண்டி நுனி பட்டதும் இதழ் இதழாகப் பிரிந்தால் அடுப்பை அணை. கிளறாதே, சட்டியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிடு.

6. எலுமிச்சை, இறக்கிய பிறகு

உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடு. எலுமிச்சையை அடுப்பு அணைந்த பிறகே பிழி. கொதிக்கையில் பிழிந்தால் கசக்கும். எலுமிச்சை ருசிக்கு மட்டும் இல்லை. மீன் வாடைக்குக் காரணமான பொருளை அதன் புளிப்பு காற்றில் எழும்ப விடாமல் கட்டிப்போடும். கொத்தமல்லித் தழையைத் தூவி இரண்டு நிமிடம் மூடி வை.

7. யாருக்கு யோசித்துக் கொடுக்கணும்

மீன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சூப்பும் ஆகாது, 'சாறுதானே' என்று கொடுத்துவிடாதே. யூரிக் அமிலம் கூடி மூட்டுவலி உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுக் குடிக்கட்டும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் சதையை விரலால் உதிர்த்து, முள் பார்த்துக் கொடு. உன் கண்ணைவிட உன் விரலுக்குத்தான் முள் முதலில் தெரியும்.

8. மிச்சம் இருந்தால்

சூடு ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளே தீர்த்துவிடு. வெளியில் வைத்துவிட்டுத் தூங்கிப்போகாதே. அடுத்த நாள் பார்த்தால் சூப் லேசாக இறுகியிருக்கும். பயப்படாதே, கெட்டுப்போகவில்லை, முள்ளிலிருந்து இறங்கிய பசை அது. ஆவி பறக்கிற அளவுக்கு நன்றாகச் சூடு பண்ணு, பழைய பக்குவத்துக்கு வந்துவிடும்.

ஒரே மூச்சில் குடித்துவிடாதே. அம்மா தம்ளரை நம் கையில் கொடுக்கும் முன்னால் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள், நினைவிருக்கிறதா? கன்னம் தாங்கினால்தான் நமக்குத் தருவாள். இரண்டு வாய் குடி, கொஞ்சம் பொறு, பிறகு அடுத்த வாய். வியர்த்து இழந்த தண்ணீரும் உப்பும் அப்படித்தான் நிதானமாக உடம்பில் சேரும். பசி எடுத்தால் குழைந்த சோறு ஒரு கரண்டி போட்டுக்கொள்.

நாளைக்குக் காலையில் சந்தைக்குப் போனதும், வாங்குவதற்கு முன்னால் செவுளைத் தூக்கி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. நல்ல மீனா இல்லையா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.