பழைய கணனிக்காகக் கடையின் பூட்டைத் தளர்த்தாதீர்கள்

ஹட்டன், நுவரெலியா பகுதிகளில் பலசரக்குக் கடை, புடைவைக் கடை, விருந்தினர் விடுதி நடத்தும் வியாபாரிகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "புது ரவுட்டர் வாங்கினோம். போனில் நன்றாக வேலை செய்கிறது. பில் போடும் பழைய கணனி மட்டும் இணையமாட்டேன் என்கிறது. என்ன செய்வது?"

இதற்குச் சிலர் கையாளும் இலகுவான வழி, ரவுட்டரின் பாதுகாப்பைக் குறைத்துவிடுவதாகும். கணனி உடனே இணைந்துவிடும். முதலாளிக்கும் திருப்தி. ஆனால் அதே கணனியில்தான் தோட்டத்து வாடிக்கையாளர்களின் கடன் கணக்கும், மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியும், வங்கி விபரங்களும் இருக்கின்றன. நமது நகரங்களில் கடைகள் சுவரோடு சுவராக ஒட்டியவை. வைஃபை அலை சுவரோடு நின்றுவிடாது. வீதியில் நிற்பவருக்கும் அது கிடைக்கும்.

பழைய கணனி இணையாததற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் உள்ளன.

முதலாவது, தரம். கம்பியில்லா வலையமைப்பின் தரங்கள் 802.11 என்ற இலக்கத்தில் வெளியிடப்படுகின்றன. 1999இல் வந்த 'பீ' தரத்தின் உச்ச வேகம் செக்கனுக்கு 11 மெகாபிட். 2003இல் வந்த 'ஜீ' தரத்துக்கு 54 மெகாபிட். இவ்விரண்டும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்குபவை. 2009இன் 'என்' தரம் 2.4, 5 ஆகிய இரு அலைவரிசைகளுக்கும் உரியது. 2013இன் 'ஏ.சீ' தரம் 5 கிகாஹேர்ட்ஸுக்கு மட்டும் உரியது. எனவே ரவுட்டரில் 2.4 அலைவரிசை நிறுத்தப்பட்டிருந்தால், பழைய கார்டுக்கு உங்கள் வலையமைப்பே தென்படாது. அதனை இயக்கிவிடுவதில் ஆபத்தில்லை. தடித்த கருங்கற் சுவர்களைக் கொண்ட பழைய கட்டடங்களில் 2.4தான் தூரமும் செல்லும்.

இரண்டாவது, பூட்டு. ஆரம்பத்தில் வந்த 'வெப்' எனும் பாதுகாப்பு முறையின் அடிப்படைக் குறைபாடு 2001இலேயே வெளிப்பட்டுவிட்டது. இன்று ஒரு மடிக்கணனியைக் கொண்டு சில நிமிடங்களில் அதனைத் திறந்துவிடலாம். கடவுச்சொல் எவ்வளவு கடினமாக இருந்தாலும் பயனில்லை. அதனால்தான் 2003இல் டபிள்யூ.பீ.ஏ., 2004இல் டபிள்யூ.பீ.ஏ.2, 2018இல் டபிள்யூ.பீ.ஏ.3 என அடுத்தடுத்து வந்தன. 2006 மார்ச்சுக்குப் பின் வைஃபை சான்றிதழ் பெற்ற புதிய சாதனங்கள் அனைத்திலும் டபிள்யூ.பீ.ஏ.2 கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முந்திய கார்டுகள் பலவற்றுக்கு அது தெரியாது. இங்கேதான் 'வெப்'புக்கு மாற்றிவிடும் தவறு நடக்கிறது.

இத்தவறின் விலையை உணர்த்த ஓர் உண்மைச் சம்பவம் போதும். அமெரிக்காவின் டீ.ஜே.எக்ஸ். என்ற பெரும் சில்லறை வர்த்தக நிறுவனத்தின் கடைகளில் 2005இல் 'வெப்' பூட்டே பாவனையில் இருந்தது. குறைபாடு வெளியாகி நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. கள்வர்கள் அதன் வழியாக நுழைந்து நிறுவனத்தின் கணனிகளை அடைந்தார்கள். 2007 ஜனவரியில் விடயம் வெளிவந்தது. குறைந்தது 4 கோடியே 57 இலட்சம் வங்கி அட்டைகளின் விபரங்கள் பறிபோயிருந்தன. இதில் முக்கிய குற்றவாளிக்கு 2010இல் 20 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பெரிய நிறுவனம் நட்டத்தைத் தாங்கிக்கொண்டது. நம்பிக்கையின் பேரில் கடன் கொடுத்து வாங்கும் சிறு கடைக்கு அந்தத் தாங்குசக்தி உண்டா?

இன்னொன்றையும் கவனியுங்கள். 'என்' தர விதிகளின்படி 'வெப்' பூட்டுடன் அதன் உயர் வேகங்களைப் பயன்படுத்த முடியாது. இணைப்பு பழைய 54 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். ஆக, பூட்டும் தளர்கிறது, காசு கொடுத்து வாங்கிய வேகமும் போகிறது.

ஆகவே செய்ய வேண்டியவை:

1. ரவுட்டரில் டபிள்யூ.பீ.ஏ.2 அல்லது 3ஐ வையுங்கள். இரண்டும் சேர்ந்த தெரிவு இருந்தால், 2004க்குப் பிந்திய சாதனங்கள் பலவும் சிரமமின்றி இணையும்.

2. இணையாத கணனிக்கு வயரைப் போடுங்கள். அல்லது யூ.எஸ்.பீ.யில் செருகும் சிறு வைஃபை கார்டை வாங்குங்கள். வாங்குமுன் அது உங்கள் விண்டோஸுக்குப் பொருந்துமா என்று கேட்டறியுங்கள்.

3. விண்டோஸ் எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலுடன் நின்றுவிட்டன. அத்தகைய கணனியைப் பில் போட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் இணைக்க வேண்டாம்.

4. ஏப்ரல் பருவகாலத்தில் விருந்தினருக்கு வைஃபை கொடுக்கும் விடுதிக்காரர்கள், ரவுட்டரிலுள்ள விருந்தினர் வலையமைப்பைத் தனியாக இயக்குங்கள். சுவரில் ஒட்டும் கடவுச்சொல், கணக்குக் கணனி இருக்கும் வலையமைப்பின் கடவுச்சொல்லாக இருக்கக்கூடாது.

5. ரவுட்டருடன் வரும் நிர்வாகக் கடவுச்சொல்லை முதல் நாளிலேயே மாற்றுங்கள்.

ஒரு கார்டுக்கான செலவு சிறியது. வாடிக்கையாளர் நம்மிடம் ஒப்படைத்த கணக்கு அதைவிடப் பெறுமதியானது. பழைய கணனியைப் பூட்டுக்கு ஏற்ப மாற்றுங்கள். பூட்டைப் பழைய கணனிக்கு ஏற்ப மாற்றாதீர்கள்.