வலென்சியாவின் வேனில் விழா

ஓராண்டுக் காலம் அரும்பாடுபட்டு ஆக்கிய கலைப்பொருளைத் தம் கையாலேயே தீக்கு இரையாக்குவார் உளரோ? உளர் என்று விடை கூறுகின்றது ஸ்பெயின் நாட்டின் வலென்சியா நகரம். மத்தியதரைக் கடலின் கரையில், நெல்வயல்களும் ஆரஞ்சுத் தோட்டங்களும் சூழ அமைந்தது அந்நகரம். பனிக்காலம் கழிந்து இளவேனில் தலைப்படும் மார்ச்சுத் திங்களில், ஆண்டுதோறும் அங்கே 'ஃபாயாஸ்' என்னும் பெருவிழா நிகழ்கின்றது. அப்பெயர், தீப்பந்தத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது.

விழாவின் நிறைவு நாள் மார்ச்சு 19. அது புனித சூசையப்பர் திருநாள். சூசையப்பர் தச்சுத் தொழில் புரிந்தவர். ஆதலின் தச்சர்கள் அவரைத் தம் காவலராகப் போற்றுகின்றனர். முற்காலத்தில் தச்சர்கள் குளிர்காலத்து நீண்ட மாலைப் பொழுதுகளில் விளக்கொளியில் பணிபுரிந்தனர். வேனில் வந்து பகல் நீண்டதும், விளக்கைத் தாங்கிய மரத்தண்டினைப் பட்டறையின் கழிவு மரத்தோடு சேர்த்துத் தெருவில் எரித்தனர். இதுவே விழாவின் தோற்றம் என்று செவிவழிச் செய்தி கூறுகின்றது. பின்னர் அத்தண்டிற்குக் கந்தை உடுத்தி மனித உருவம் அளித்தனர் என்பர். சிறுவர்கள் வீடுதோறும் சென்று, பழம்பாயும் உடைந்த தட்டுமுட்டுப் பொருள்களும் கேட்டுப் பெற்றுத் தீக்கு உணவு சேர்த்தனர்.

எளிமையாகத் தோன்றிய அவ்வழக்கம் இன்று பெருங்கலையாக வளர்ந்துள்ளது. நகரில் 350க்கு மேற்பட்ட தெருக் குழுவினர் உளர். ஒவ்வொரு குழுவும் ஆண்டு முழுதும் பொருள் திரட்டிக் கலைஞரிடம் அளிக்கின்றது. கலைஞர்கள் மரத்தாலும் அட்டையாலும் பிறவற்றாலும் உருவங்களைச் சமைத்து வண்ணம் தீட்டுகின்றனர். மார்ச்சு 15ஆம் நாள் இரவு அவை தெருக்களிலும் சதுக்கங்களிலும் நிறுத்தப்படுகின்றன. சில உருவத் தொகுதிகள் மாடி வீடுகளுக்கு மேலாக ஓங்கி நிற்கும். ஒவ்வொரு பெரிய தொகுதிக்கும் துணையாகச் சிறுவர்க்கென ஒரு சிறு தொகுதியும் உண்டு.

அந்நாளில் அந்நகருக்குச் செல்வோர், ஒவ்வொரு தெருமுனையிலும் நின்று நகைப்பர். பேராசை கொண்ட அரசியலார், வீண்பெருமை பேசுவோர், புகழ் வெறி கொண்டோர் ஆகிய பலரும் அங்கே பொம்மைகளாக நிற்பர். நகைச்சுவையால் குறையைச் சுட்டித் திருத்துவதே அவற்றின் நோக்கம்.

கண்ணுக்கு விருந்து உருவங்கள் எனின், செவிக்கு விருந்து வெடிமுழக்கம். மார்ச்சு முதல் நாள் தொட்டு 19 வரை நாள்தோறும் பிற்பகல் 2 மணிக்கு நகர மன்றச் சதுக்கத்தில் வெடிகள் முழங்கும். பட்டப்பகலில் வெடிக்கும் அவற்றில் ஒளியின் அழகினை யாரும் நாடுவதில்லை. மெல்லத் தொடங்கி, தாளத்தோடு விரைந்து, இறுதியில் நிலம் அதிர முடியும் ஓசையையே மக்கள் சுவைக்கின்றனர். 17, 18 ஆகிய நாள்களில் பட்டாடை அணிந்த மகளிர் அணியணியாய் வந்து அன்னை மரியாளுக்கு மலர்க்கொத்து அளிப்பர். அம்மலர்களை ஓங்கிய மரச்சட்டத்தில் செருகிச் செருகி அன்னையின் மேலாடையை உருவாக்குவர்.

19ஆம் நாள் இரவு வருகின்றது. முதலில் சிறுவர் உருவங்களும், பின்னர்ப் பெரிய உருவங்களும் எரியூட்டப்படும். அருகிலுள்ள வீட்டுச் சுவர்களைத் தீயணைப்பு வீரர்கள் நீரால் நனைத்துக் காப்பர். தீ மேலெழுங்கால், அவ்வுருவத்திற்காக ஆண்டெல்லாம் உழைத்த மகளிரும் சிறுவரும் கண்ணீர் விட்டு நிற்பதைக் காணலாம். மறுநாள் தெருக்கள் தூய்மையாகிவிடும். குழுவினர் அடுத்த ஆண்டிற்கான பணியை நினைக்கத் தொடங்குவர்.

அத்தனையும் எரிய வேண்டுமோ? சிலவற்றிற்கு மட்டும் விலக்கு உண்டு. பொம்மைகளைக் காட்சிக்கு வைத்து, மக்கள் தம் வாக்கால் தேர்ந்தெடுத்த ஒன்றினைத் தீயினின்று காக்கும் வழக்கம் 1934ஆம் ஆண்டு தொடங்கியது. முதன்முதல் உயிர் தப்பியவை ஒரு பாட்டியும் பேத்தியும் ஆகிய உருவங்கள். இவ்வாறு காக்கப்பட்டவற்றை இன்றும் அந்நகர அருங்காட்சியகத்தில் காணலாம்.

தீயைக் கொண்டாடும் இவ்விழாவிற்கும் தடைகள் நேர்ந்ததுண்டு. உள்நாட்டுப் போரால் 1937 முதல் 1939 வரை விழா நடைபெறவில்லை. 2016இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை மனித இனத்தின் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றுச் சிறப்பித்தது. நான்கே ஆண்டுகளில், 2020 மார்ச்சில், கொரோனா நோய் பரவியதால் விழா நிறுத்தப்பட்டது. அவ்வேளையில் நகர மன்றச் சதுக்கத்தில், கண்மூடித் தியானம் செய்யும் பெண்ணின் பேருருவம் இருந்தது. 'இதுவும் கடந்து போகும்' என்பது அந்தப் படைப்பின் பெயர். அதன் வாய்க்கும் மூக்கிற்கும் மறைப்புத் துணி அணிவித்தனர். 2021 செப்டம்பரில், வேனில் அல்லாத பருவத்தில், விழா மீண்டும் நிகழ்ந்தது. காத்திருந்த அவ்வுருவமும் அப்போது எரிந்தது.

இக்காலத்தில் உருவங்கள் செய்யப் பயன்படும் செயற்கைப் பொருள் கரும்புகையைக் கக்குவதால், சில கலைஞர்கள் மெல்லிய மரச்சிம்புகளால் உருவம் சமைக்கும் பழைய முறைக்கு மீள்கின்றனர். எரிப்பதிலும் பொறுப்பு வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்துள்ளனர்.

மாணவர்களே! எரிந்தவை உருவங்கள்; அவற்றை ஆக்கிய கைத்திறன் எரியவில்லை. பழைய உருவங்கள் அனைத்தும் நிலைத்து நின்றால், புதியனவற்றிற்கு இடம் ஏது? இளங்கலைஞர்க்குத் தொழில் ஏது? செய்த செயலில் செருக்குற்று அமர்ந்துவிடாமல், அடுத்த செயலை முதற்செயல் போலவே ஊக்கத்துடன் தொடங்குக என்பதே வலென்சியா மக்கள் ஆண்டுதோறும் தீயின்முன் நின்று கற்கும் பாடமாகும்.