சொட்டும் குழாய்

என் அப்பா குழாய் வேலை செய்பவர். ஒடிசா மாநிலம், கேந்திரபாரா மாவட்டம் அவருடைய ஊர். அந்த மாவட்டத்தில் பட்டாமுண்டை என்ற பகுதி இருக்கிறது. குழாய் வேலைக்குப் பெயர் பெற்ற பகுதி அது. அங்கிருந்து போனவர்கள் தில்லி, மும்பை, பெங்களூர் எனப் பல நகரங்களில் குழாய் வேலை செய்கிறார்கள். அப்பா புவனேசுவரத்தில் வேலை செய்தார். லீவு நாட்களில் நானும் அவருடன் போவேன். பையைத் தூக்குவேன். கேட்ட சாமானை எடுத்துக் கொடுப்பேன். அப்படிக் கற்றுக்கொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன். இவை எல்லாரும் செய்யக்கூடிய வேலைகள்தாம்.

முதல் வேலை: வால்வை மூடுங்கள்

எந்த வேலை என்றாலும் அப்பா முதலில் கேட்பது ஒன்றுதான். "தண்ணீரை எங்கே நிறுத்துவது?"

வீட்டுக்குள் தண்ணீர் வரும் குழாயில் ஒரு வால்வு இருக்கும். மேல்தொட்டி இருந்தால், அதன் அடியிலும் ஒரு வால்வு இருக்கும். உங்கள் வீட்டில் அது எங்கே இருக்கிறது? இன்றே பாருங்கள். வீட்டில் உள்ள எல்லாருக்கும் காட்டுங்கள். குழாய் உடைந்த பிறகு தேடக்கூடாது. மாதம் ஒரு முறை வால்வை மூடித் திறந்து விடுங்கள். இல்லாவிட்டால் அது இறுகிப் போகும்.

வலப்பக்கம் திருகினால் மூடும். இடப்பக்கம் திருகினால் திறக்கும்.

குழாய் ஏன் சொட்டுகிறது?

பழைய திருகு குழாயின் உள்ளே வட்டமான ஒரு வாஷர் இருக்கும். குழாயை மூடும்போது அந்த வாஷர்தான் தண்ணீரை அடைக்கிறது. நாளாக ஆக வாஷர் தேய்கிறது. பிறகு எவ்வளவு இறுக்கினாலும் குழாய் சொட்டும். பலமாக இறுக்கினால் வாஷர் இன்னும் சீக்கிரம் கெடும்.

வாஷர் மாற்றும் முறை:

1. வால்வை மூடுங்கள்.
2. குழாயைத் திறந்து, உள்ளே நிற்கும் தண்ணீரை வடிய விடுங்கள். குழாய் திறந்தே இருக்கட்டும்.
3. கீழே உள்ள சாக்கடைத் துளையைத் துணியால் மூடுங்கள். சின்னத் திருகாணி விழுந்தால் கிடைக்காது.
4. குழாயின் தலைப்பகுதியை ஸ்பேனரால் இடப்பக்கம் திருகிக் கழற்றுங்கள். மற்றொரு கையால் குழாயைப் பிடித்துக்கொள்ளுங்கள். சுவருக்குள் இருக்கும் குழாய் ஆடக்கூடாது.
5. பழைய வாஷரை எடுங்கள். அதைக் கடைக்குக் கொண்டு போய், அதே அளவில் புதிது வாங்குங்கள்.
6. வாஷர் உட்காரும் இடத்தில் மணல், துரு இருந்தால் துடையுங்கள்.
7. புதிய வாஷரைப் போட்டு, தலைப்பகுதியைத் திரும்பப் பூட்டுங்கள். குழாயை மூடுங்கள். பிறகு வால்வை மெதுவாகத் திறங்கள்.

இப்போது கால் சுற்றில் திறக்கும் குழாய்களும் வந்துவிட்டன. அவற்றில் பலவற்றில் இந்த வாஷர் இருக்காது. அவை சொட்டினால் உள்பாகத்தை முழுதாக மாற்ற வேண்டும். அதற்கும் பழையதைக் காட்டித்தான் வாங்க வேண்டும்.

மரையில் கசிந்தால்

குழாய் சுவரோடு சேரும் இடத்தில் கசிகிறதா? அங்கே வெள்ளை டேப் சுற்ற வேண்டும். முதலில் மரையில் உள்ள பழைய டேப்பைச் சுரண்டி எடுங்கள். மரை உங்களைப் பார்த்து இருக்கும்படி பிடியுங்கள். கடிகார முள் சுற்றும் திசையில் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். எதிர்த் திசையில் சுற்றினால், பூட்டும்போது டேப் பிரிந்து வந்துவிடும்.

பிளாஸ்டிக் குழாயை ஒட்டுதல்

குழாயை நேராக அறுக்க வேண்டும். அறுத்த ஓரத்தில் உள்ள பிசிறை நீக்க வேண்டும். ஈரம், தூசி இருக்கக்கூடாது. இரண்டு பக்கமும் பசை தடவி உள்ளே தள்ளிச் சிறிது நேரம் அசையாமல் பிடிக்க வேண்டும். எவ்வளவு நேரம் கழித்துத் தண்ணீர் விடலாம் என்று பசை டப்பாவில் எழுதியிருக்கும். அதைப் படியுங்கள். பசை தீப்பிடிக்கும். அருகில் பீடி, அடுப்பு கூடாது. சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

டப்பாவைப் படிப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. குழாயின் அளவை விரலால் தடவியே சொல்வார். ஒரு முறை ஒரு கடையில் பழைய பசையைக் கொடுத்துவிட்டார்கள். அப்பா அதை வைத்து ஒரு வீட்டில் நான்கு இணைப்பு போட்டார். இரவில் இணைப்பு விட்டுப்போனது. வீடு முழுவதும் தண்ணீர். மூன்று நாள் கூலி போயிற்று. டப்பாவின் அடியில் தேதி இருந்தது. காலம் கடந்த பசை என்று அது சொன்னது. ஆனால் அப்பாவுக்கு அது வெறும் கோடுகள்.

"முப்பது வருஷம் வேலை செய்த கை இது. ஒரு தேதி என்னை ஏமாற்றிவிட்டதே, அம்மா" என்றார்.

மறுநாள் மாலை முதல் என்னிடம் எண்களைக் கற்றார். பிறகு எழுத்துக்களையும் கற்றார். இப்போது கடையில் டப்பாவைத் திருப்பிப் பார்க்காமல் அவர் காசு கொடுப்பதில்லை.

கசிவால் நோயும் வரும்

கசிவால் தண்ணீர் மட்டும் வீணாவதில்லை. குழாயில் தண்ணீர் வரும்போது ஓட்டை வழியாக வெளியே கசியும். தண்ணீர் நின்றதும் அதே ஓட்டை வழியாக வெளியே உள்ள அழுக்கு நீர் உள்ளே போகும். பக்கத்தில் சாக்கடை இருந்தால் டைபாய்டு, காலரா, மஞ்சள் காமாலை வரலாம். தெருக் குழாயோடு மோட்டாரை நேராக இணைத்து உறிஞ்சுவதும் இதே கெடுதலைச் செய்யும். மேலும், அடுத்த வீட்டுக்குத் தண்ணீர் கிடைக்காது.

2021 ஜூலையில் ஒடிசாவின் பூரி நகரில் 24 மணி நேரமும் குழாயில் குடிநீர் தரும் திட்டம் தொடங்கியது. குழாயில் எப்போதும் அழுத்தம் இருந்தால் அழுக்கு உள்ளே புகுவது கடினம். நம் ஊர்களில் பலவற்றில் தண்ணீர் விட்டு விட்டுத்தான் வருகிறது. ஆகவே தெருவில் கசிவைக் கண்டால் உடனே ஊராட்சியிலோ நகராட்சியிலோ சொல்லுங்கள்.

2019 ஆகஸ்டில் ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்டது. அப்போது நாட்டின் கிராமங்களில் சுமார் 3 கோடியே 23 லட்சம் வீடுகளில்தான் குழாய் இருந்தது. 2025இல் அது 15 கோடிக்கு மேல் இருந்தது. இத்தனை குழாய்களையும் யார் பழுது பார்ப்பது? ஒவ்வொரு ஊரிலும் இந்த வேலை தெரிந்த கைகள் வேண்டும். ஆண்களும் செய்யலாம். பெண்களும் செய்யலாம்.

எதைத் தொடக்கூடாது?

மோட்டார், வெந்நீர்க் கருவி அருகில் கசிந்தால் மின்சாரத்தை நிறுத்துங்கள். ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதீர்கள். ஈரத்தில் நிற்காதீர்கள். சுவருக்குள் குழாய் உடைந்தால் வால்வை மூடிவிட்டு, வேலை தெரிந்தவரை அழையுங்கள்.

கணக்குப் போடுங்கள்

சொட்டும் குழாயின் அடியில் ஒரு பாத்திரம் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் அரை லிட்டர் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம்.
ஒரு நாளில் 12 லிட்டர்.
30 நாளில் 360 லிட்டர்.
15 லிட்டர் குடத்தில் இது எத்தனை குடம்?
உங்கள் வீட்டில் அளந்து பாருங்கள். எவ்வளவு வந்தது?

பதில் சொல்லுங்கள்

1. வாஷர் மாற்றும் முன் முதலில் என்ன செய்ய வேண்டும்?
2. டேப்பை எந்தத் திசையில் சுற்ற வேண்டும்?
3. அப்பாவின் மூன்று நாள் கூலி ஏன் போயிற்று?

பேசுங்கள்

உங்கள் தெருவில் எங்கெங்கே தண்ணீர் கசிகிறது? யாரிடம் சொல்ல வேண்டும்? எல்லாரும் சேர்ந்து ஒரு மனு எழுதுங்கள். உங்கள் பெயரை நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.