கொழுப்பை எரிக்கும் மாத்திரை: ஒரு எரிபொருள் கணக்கு

ஜிம்முக்குப் போகும் நம் பிள்ளைகள் பலரின் மேஜையில் இப்போது ஒரு டப்பாவைப் பார்க்கிறேன். ‘ஃபேட் பர்னர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். “அங்கிள், இது நிஜமாகவே வேலை செய்யுமா?” என்று நம் சங்கத்து இளைஞர்கள் இருவர் கேட்டார்கள். நான் டாக்டர் அல்ல. ரயில்வேயில் எஞ்சின்களோடு காலம் கழித்தவன். ஆனால் விஷயம் அடிப்படையில் எரிபொருள் கணக்கு என்பதால் எழுதத் துணிந்தேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். கொழுப்பு எரிவது வேறு, கொழுப்பு குறைவது வேறு. உடம்பு எந்த நேரமும் கொழுப்பையும் சர்க்கரையையும் கலந்துதான் எரிக்கிறது. மெதுவாக நடக்கையில் கொழுப்பின் பங்கு அதிகம். வேகமாக ஓடுகையில் சர்க்கரையின் பங்கு அதிகம். பயிற்சி நேரத்தில் கொழுப்பைச் சற்றுக் கூடுதலாக எரித்தாலும், மீதி நேரத்தில் உடம்பு அதைப் பெரும்பாலும் சரிக்கட்டிவிடும். நான் வேலையில் சேர்ந்த புதிதில் நீராவி எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே எவ்வளவு கரி எரிந்தது என்பதை மட்டும் வைத்து டெண்டரில் மிச்சம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. வழியில் ஏற்றியதும் தெரிய வேண்டும் அல்லவா?

ஒரு கிலோ உடல் கொழுப்பில் இருப்பது சுமார் 7,700 கலோரி. 70 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது ஏறக்குறைய 300 கலோரி. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு டப்பாவின் பின்பக்கத்தைப் படிப்போம்.

பெரும்பாலானவற்றில் இருப்பது காஃபீன். 100 மில்லிகிராம், அதாவது ஒரு டம்ளர் காபியில் ஏறக்குறைய இருக்கும் அளவு, சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியை இரண்டரை மணி நேரத்துக்கு 3 முதல் 4 சதவீதம் கூட்டுவதாக அளந்திருக்கிறார்கள். சதவீதமாகப் பார்த்தால் பிரமாதம்தான். கணக்குப் போடுங்கள்: மணிக்கு 70 கலோரி வீதம் இரண்டரை மணிக்கு 175, அதில் 4 சதவீதம் 7 கலோரி. அந்தக் காபியில் நாம் போடும் ஒரு ஸ்பூன் சர்க்கரையிலேயே 16 கலோரி இருக்கிறது! காஃபீன் களைப்பைத் தள்ளிப்போட்டு, பயிற்சியைச் சற்று நீடிக்க வைக்கும் என்பது உண்மை. ஆனால் பலன் அந்தப் பயிற்சியால் வருவது. அதற்கு நம் வீட்டு ஃபில்டர் காபியே போதும்.

அடுத்தது கார்னிடின். கொழுப்பைச் செல்லுக்குள் எரியும் இடத்துக்கு ஏற்றிச் செல்லும் சரக்கு வேகன் என்று இதைச் சொல்லலாம். வேகன் கூடினால் சரக்கு கூடும் என்பது விற்பவர்கள் வாதம். நம் கல்லீரலும் சிறுநீரகமும் தேவையான கார்னிடினைத் தாமே தயாரித்துக் கொள்கின்றன. மாத்திரையாக விழுங்குவதில் ஐந்தில் ஒரு பங்குகூட உடம்பில் சேர்வதில்லை. தசைக்குள் அதன் அளவு லேசில் ஏறுவதும் இல்லை. யார்டில் காலி வேகன்கள் நிற்கும்போது மேலும் பத்து வேகன் அனுப்பி என்ன பயன்?

கேரள நண்பர்கள் மீன் குழம்பில் போடும் குடம்புளியும் ‘கார்சினியா’ என்ற பெயரில் மாத்திரையாக வந்திருக்கிறது. 1998-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு சோதனை வெளியானது. 135 பேர், 12 வாரம், எல்லோருக்கும் ஒரே மாதிரி கட்டுப்பாடான உணவு. குடம்புளிச் சத்து சாப்பிட்டவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தார்கள். வெறும் போலி மாத்திரை சாப்பிட்டவர்கள் 4.1 கிலோ! இந்த வித்தியாசம் தற்செயலாக வரக்கூடியதுதான் என்றாலும், மாத்திரையால் ஆதாயம் இல்லை என்பது தெளிவு. குழம்பில் போட்டால் ருசியாவது கிடைக்கும்.

நிற்க. கொழுப்பை நிஜமாகவே எரித்துத் தள்ளும் பொருள் ஒன்று உண்டு. டைநைட்ரோஃபீனால், சுருக்கமாக டி.என்.பி. முதல் உலகப் போரின்போது பிரான்சின் வெடிமருந்து ஆலைகளில் இதைக் கையாண்ட தொழிலாளர்கள் மெலிந்தார்கள். சிலர் இறந்தும் போனார்கள். அப்படியிருந்தும் 1933 வாக்கில் அமெரிக்காவில் இளைக்கும் மருந்தாக விற்பனைக்கு வந்தது. உணவு எரியும்போது வரும் சக்தியை உடம்பின் வேலைக்குத் திருப்பும் இணைப்பை இது துண்டித்துவிடுகிறது. உலை கொதிக்கும், பிஸ்டன் நகராது. அத்தனையும் சூடாக உடம்பிலேயே ஏறும். பலருக்குக் கண்புரை வந்தது, சிலர் காய்ச்சல் ஏறி மாண்டார்கள். 1938-ல் அங்கே தடை செய்தார்கள். இதற்கு மாற்று மருந்து இன்றுவரை கிடையாது. ஆனாலும் இன்டர்நெட்டில் திருட்டுத்தனமாக விற்கிறார்கள், வாங்கிச் சாப்பிட்டு இளைஞர்கள் சாகிறார்கள்.

எபெட்ரா என்ற மூலிகையின் கதையும் இதேபோலத்தான். 2003-ல் ஸ்டீவ் பெக்லர் என்ற 23 வயது அமெரிக்க பேஸ்பால் வீரர் பயிற்சியின்போது வெப்பத் தாக்குதலால் இறந்தார். அவர் எபெட்ரா மாத்திரை சாப்பிட்டு வந்தது விசாரணையில் தெரிந்தது. மறு ஆண்டே அமெரிக்கா அதை உணவுத் துணைப்பொருளாக விற்கத் தடை விதித்தது. பசியடக்கும் சிபுட்ரமின் இதய ஆபத்து காரணமாக 2010-ல் அங்கு சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. 2011-ல் நம் நாட்டிலும் தடையாயிற்று. அதன் பிறகும் ‘முழுக்க மூலிகை’ என்று விற்ற டப்பாக்களில் இதைச் சொல்லாமல் கலந்திருப்பதைச் சோதனைச் சாலைகள் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கின்றன. ஒரு டப்பா ஆச்சரியமாக வேலை செய்தால்தான் எனக்குக் கவலை அதிகம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் லேபிளில் ஒவ்வொரு பொருளும் எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘ப்ளெண்ட்’ என்று மொத்தமாக எழுதியிருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ரத்த அழுத்தம், இதய நோய், தைராய்டு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். மாத்திரை சாப்பிடும்போது கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ உடனே நிறுத்திவிட்டு, டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.