மே மாதப் பயிற்சிக்குக் கார்த்திகையிலேயே கிளம்புங்கள்

ஏழாயிரம்பண்ணையிலிருந்து சாத்தூருக்கும் சிவகாசிக்கும் கோவில்பட்டிக்கும் பஸ் ஏறி பி.எஸ்சி. கணிதம் படிக்கப் போகும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். இரண்டாம் ஆண்டில் இருக்கிறீர்களா? தேற்றத்தை மனப்பாடம் செய்து எழுதுவது அலுத்து, அது ஏன் உண்மை என்று கேட்கத் தோன்றுகிறதா? அப்படியானால் எம்டிடிஎஸ் என்ற கணிதக் கோடைப் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். பேராசிரியர் எஸ்.குமரேசன் 1993-இல் தொடங்கியது. நாட்டின் பல கல்வி நிலையங்களில், மே, ஜூன் வாக்கில் நான்கு வாரம் நடக்கும். ஆசிரியர் கரும்பலகையை நிரப்பிவிட்டுப் போக மாட்டார். கேள்வி கேட்பார், நீங்கள் யோசித்து, தப்பாகவாவது பதில் சொல்ல வேண்டும்.

அறிவிப்புத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். கார்த்திகை பிறந்ததும் வாரம் ஒருமுறை எம்டிடிஎஸ் இணையதளத்தைப் பாருங்கள். தங்குமிடம், சாப்பாடு, ரயில் கட்டணம் பற்றி அந்த ஆண்டு அறிவிப்பில் உள்ளதை மட்டும் நம்புங்கள். அண்ணன் சொன்னார், அக்கா சொன்னார் என்று போகாதீர்கள். படிவத்தில் பெயரை மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே எழுதுங்கள்.

நம் பிள்ளைகள் சறுக்குவது பரிந்துரைக் கடிதத்தில். கடைசி நாள் மாலை ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று, "சார், ஒரு லெட்டர் வேணும்" என்று கேட்டால், நல்ல மாணவி, ஒழுக்கமானவர், வகுப்புக்குத் தவறாமல் வருவார் என்றுதான் எந்த ஆசிரியரும் எழுத முடியும். அது நன்னடத்தைச் சான்றிதழ். தேர்வு செய்கிறவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. நீங்கள் எப்படி யோசிப்பீர்கள் என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

அதற்கான வேலை ஜூலையிலேயே தொடங்குகிறது. நாற்பது பக்க நோட்டு ஒன்று போடுங்கள். வகுப்பில் வரும் ஒவ்வொரு தேற்றத்திலும் ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டுப் பாருங்கள். மூடிய இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு வரம்புக்குள் அடங்கும் என்று படித்திருப்பீர்கள். 'மூடிய' என்ற சொல்லை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? பூஜ்ஜியத்துக்கும் ஒன்றுக்கும் இடையே, இரண்டு முனைகளையும் விட்டுவிட்டு, 1/எக்ஸ் என்ற சார்பை வரைந்து பாருங்கள். பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க அது கட்டில்லாமல் ஏறிக்கொண்டே போகும். இதை நீங்களே கண்டுபிடித்து ஆசிரியரிடம் காட்டினீர்கள் என்றால், கடிதத்தில் எழுத அவருக்கு ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. வாரம் ஒன்று போதும். டிசம்பருக்குள் இருபதைத் தொட்டுவிடுவீர்கள்.

துறைத்தலைவர் என்பதற்காகவே ஒருவரிடம் கடிதம் கேட்காதீர்கள். உங்கள் நோட்டைப் பார்த்தவரிடம் கேளுங்கள். அவர் நேற்று சேர்ந்த இளம் ஆசிரியராக இருந்தாலும் சரி. மூன்று வாரம் முன்னதாகக் கேளுங்கள். கடைசித் தேதியையும் நீங்கள் யோசித்த இரண்டு மூன்று கணக்குகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஒரு முறை நினைவூட்டலாம். "நீயே எழுதிக்கிட்டு வாம்மா, கையெழுத்துப் போடுறேன்" என்றால் பணிவாக மறுத்து, அந்தத் தாளைக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று உங்களைக் கேட்டாலும் அதே நோட்டுதான் விடை. கணிதம் அறிவியலின் ராணி என்று ஆரம்பிக்காதீர்கள். எந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் தூங்கவில்லை என்று சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் எழுதுங்கள். இலக்கணம் பிசகினால் பிசகட்டும். பிரவுசிங் சென்டர் அண்ணனை எழுதச் சொல்லவே வேண்டாம்.

அடுத்தது வீடு. மே மாதம் நம் ஊரில் கூலி வருகிற மாதம். லீவு விட்டதும் காலை வேனில் பட்டாசு ஆபீசுக்குப் போய், அடுத்த பருவத்துக்கான ஃபீஸைச் சேர்க்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி, பக்கத்தில் அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததையும் நாம் மறக்கவில்லை. அந்த ஆபத்து தெரிந்தும் வீடு அந்தக் கூலியை நம்பியிருக்கிறது. ஆகவே நான்கு வாரம் வெளியூர் போகிறேன் என்ற பேச்சைத் தேர்வான பிறகு எடுக்காதீர்கள். பொங்கலுக்கே அம்மாவிடம் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். புதுமைப் பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது என்றால், அதில் கொஞ்சம் இப்போதிலிருந்தே தனியே வையுங்கள். பெண் பிள்ளை தனியாகப் போவதா என்று அப்பா தயங்கினால், உங்கள் ஆசிரியரை ஒரு முறை போனில் பேசச் சொல்லுங்கள். நான் பேசிய வீடுகளில் முக்கால்வாசி சம்மதித்திருக்கின்றன.

பயிற்சியின் முதல் வாரம் ஒன்றும் புரியாது. பெரிய ஊர்ப் பிள்ளைகள் சரளமாகப் பேசுவார்கள், நமக்குத் தொண்டை அடைக்கும். மூன்றாம் நாளே திரும்பிவிடலாமா என்று தோன்றும். திரும்பாதீர்கள். 'புரியவில்லை' என்பதைத் தினம் ஒரு முறையாவது வகுப்பில் வாய்விட்டுச் சொல்லுங்கள். இரவு வீட்டுக்குப் பேசுங்கள். தூக்கமும் பசியும் பல நாளாகப் போய்விட்டது என்றால், அங்கேயோ இங்கே அரியர் வைத்துத் தவிக்கும்போதோ, 14416 டெலி மானஸ் எண்ணுக்கு அழையுங்கள். இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி. போக நினைத்து ஜாம் தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் மாநிலச் சாதிச் சான்றிதழ் அங்கே ஓ.பி.சி. சலுகைக்குச் செல்லாது. மத்திய அரசு வடிவத்தில் கிரீமி லேயரில் இல்லை என்ற சான்றிதழ் தனியாக வேண்டும். எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும் என்று அறிவிப்பில் பார்த்து, இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

எம்டிடிஎஸ் கிடைக்கவில்லை என்றால் நோட்டை மூடி வைக்காதீர்கள். மூன்றாம் ஆண்டுக்கும் எம்.எஸ்சி.க்கும் தனித்தனி நிலைகள் இருக்கின்றன. முடிவு வந்த மறுநாளே, கடிதம் கொடுத்த ஆசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். போகும்போது நோட்டில் புதிதாக ஒரு பக்கமாவது எழுதி எடுத்துப் போங்கள்.