தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்றா?

நுழையும்முன்

பெருந்தீங்கு ஒன்று சிறிய இழப்போடு நீங்கினால், ‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று’ என்று நம் ஊர்ப் பெரியோர் கூறுவர். வண்டியிலிருந்து விழுந்தவர் உடனே எழுந்து நின்றால் நாமும் அவ்வாறே ஆறுதல் அடைகிறோம். ஆனால், தலையில் பட்ட அடி எப்போதும் அத்துடன் முடிந்துவிடுவதில்லை. அடிபட்ட இளைஞர் மீண்டும் எப்போது வண்டி ஓட்டலாம்? அதை யார் முடிவு செய்ய வேண்டும்? இப்பாடத்தில் காண்போம்.

மூளையதிர்ச்சி

மண்டையோட்டினுள் மூளை ஒரு நீர்மத்தால் சூழப்பட்டுள்ளது. தலை வேகமாக மோதும்போதோ உலுக்கப்படும்போதோ மூளையும் உள்ளே அசைகிறது. அதன் செயற்பாடு சில காலம் குழம்புகிறது. இதுவே மூளையதிர்ச்சி. தலைக்கவசம் மண்டையோட்டைக் காக்கும்; உயிரையும் காக்கும். ஆயினும், உள்ளே மூளை அசைவதை அதனால் முற்றிலும் தடுக்க இயலாது.

குருதி கசியாமலும் நினைவு தவறாமலும் மூளையதிர்ச்சி ஏற்படலாம். சி.டி. ஸ்கேன் படத்தில் எதுவும் புலப்படாமலும் இருக்கலாம். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கண் மங்குதல், ஒளிக்கூச்சம், கவனக்குறைவு, எரிச்சல் ஆகியவை இதன் அறிகுறிகள். தலைவலி மிகுந்துகொண்டே போனாலோ, மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்தாலோ, பேச்சுக் குழறினாலோ, எழுப்பியும் விழிக்காமல் உறங்கினாலோ 112 என்ற எண்ணை உடனே அழைத்தல் வேண்டும்.

ஆடுகளம் கற்பிப்பது

டெல்லி அணிக்காகப் பல ஆண்டுகள் ஆடிய ரமன் லாம்பா, 1998 பிப்ரவரி 20 அன்று டாக்காவில் தலைக்கவசம் இன்றி மட்டையாளருக்கு அருகில் நின்றார். பந்து அவர் நெற்றியில் பட்டது. அவர் எழுந்து நடந்தே வெளியேறினார். ஆயினும், மண்டையோட்டினுள் ஏற்பட்ட குருதிக்கசிவால் மூன்று நாள்களில் உயிரிழந்தார். எழுந்து நடப்பது நலத்திற்குச் சான்றாகாது.

2020 டிசம்பர் 4 அன்று கான்பெராவில் ஓர் இருபது ஓவர் ஆட்டம் நடைபெற்றது. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் இந்திய இருபது ஓவர் அணியில் அறிமுகமான ஆட்டம் அது. அதில் ரவீந்திர ஜடேஜாவின் தலைக்கவசத்தில் பந்து பட்டது. அவர் தொடர்ந்து ஆடி 44 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் திரும்பினார். பின்னர், மூளையதிர்ச்சியின் காரணமாக அவருக்கு மாற்றாக யுஸ்வேந்திர சகல் களமிறங்கினார். இத்தகைய மாற்று வீரரை அனுமதிக்கும் விதி 2019 ஆகஸ்டு முதல் நடைமுறையில் உள்ளது. அடிபட்ட வீரர் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று கூறினாலும், மருத்துவரின் முடிவே ஏற்கப்படும். ஏனெனில், தன் நிலையைச் சீர்தூக்க வேண்டிய மூளையே அங்கு அடிபட்டிருக்கிறது.

சாலையில் நடுவர் இல்லை

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 11 மீட்டர் கடக்கும். அடிபட்ட மூளை பிரேக் பிடிக்க அரை நொடி தாமதித்தால், வண்டி ஐந்தரை மீட்டர் கூடுதலாகச் சென்றுவிடும். சாலையைக் கடக்கும் குழந்தைக்கும் வண்டிக்கும் இடையே அவ்வளவு இடைவெளிகூட இல்லாமற் போகலாம். பல்லாண்டுகள் ஓட்டியவருக்கு வண்டி ஓட்டுதல் பழக்கமாகியிருக்கும். புதிதாக உரிமம் பெற்ற பதினெட்டு வயதினரோ ஒவ்வொரு செயலையும் எண்ணிச் செய்தல் வேண்டும். கவனம் குறைந்தால் அவருக்கே இடர் மிகுதி.

ஆகவே, முதல் ஓரிரு நாள் ஓய்வு. பின்னர்ச் சிறிது சிறிதாகப் படிப்பும் நடையும். அறிகுறிகள் நீங்கி, மருத்துவர் இசைவளித்த பின்னரே வண்டி. தலைவலி நின்ற பிறகும் மூளையின் விரைவு சில காலம் குறைந்திருக்கலாம். அதுவரை டெல்லியில் மெட்ரோவும் பேருந்தும் உள்ளன. மீண்டும் ஓட்டும்போதும் பகலில், நெரிசலற்ற, அறிந்த சாலையில், பெரியவர் ஒருவர் உடனிருக்கத் தொடங்குதல் நலம்.

சொல்லும் உயிர் காக்கும்

பழகுநர் உரிமத்திற்கான முதலாம் படிவம், வலிப்போ, திடீரென நினைவிழத்தலோ, தலைச்சுற்றலோ உண்டா என்று வினவுகிறது. விண்ணப்பிப்பவரே விடையளித்துக் கையொப்பமிடுகிறார். மறைத்து எழுதினால் ஏமாற்றப்படுபவர் அலுவலர் மட்டுமல்லர்.

வீட்டில் நாம் ‘மயக்கம்’ என்னும் ஒரே சொல்லால் தலைச்சுற்றலையும் நினைவிழத்தலையும் குறிக்கிறோம். இந்தியில் முன்னதைச் ‘சக்கர்’ என்றும் பின்னதைப் ‘பேஹோஷி’ என்றும் வேறுபடுத்துவர். அன்னை ‘மயக்கம்’ என்றதை நீங்கள் மருத்துவரிடம் இந்தியில் சொல்ல நேரிடலாம். எது நேர்ந்தது என்று கேட்டறிந்து, உரிய சொல்லைக் கூறுங்கள். இரு மொழி அறிந்த பிள்ளை அவ்விடத்தில் பேருதவி செய்ய இயலும்.

சொற்பொருள்

இடர் – ஆபத்து. இசைவு – ஒப்புதல். சீர்தூக்குதல் – ஆராய்ந்து மதிப்பிடுதல். பழகுநர் – கற்றுக்கொள்பவர்

பயிற்சி

1. தலைக்கவசம் அணிந்தவருக்கும் மூளையதிர்ச்சி ஏற்படுவது ஏன்?
2. மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி அரை நொடியில் எத்தனை மீட்டர் கடக்கும்? கணக்கிடுக.
3. தலைச்சுற்றல், நினைவிழத்தல் ஆகியவற்றைத் தனித்தனித் தொடர்களில் அமைத்து எழுதுக.
4. மூன்று நாள்களுக்கு முன் விழுந்து தலையில் அடிபட்ட உன் அண்ணன், ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று கூறி வண்டிச் சாவியைக் கேட்கிறார். அவரிடம் என்ன கூறுவாய்? உரையாடலாக எழுதுக.