மீன் தொட்டி: முதலில் செடி, பிறகு மீன்

சில ஆண்டுகளுக்கு முன்னர் வலிகாமத்தில் ஒரு முன்பள்ளிக்கு மீன் தொட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். 2 அடி நீளக் கண்ணாடித் தொட்டி, வர்ணக் கற்கள், பிளாஸ்ரிக் செடிகள், 12 மீன்கள். எல்லாம் ஒரே நாளில் வாங்கி, அன்று மாலையே மீன்களை விட்டோம். நான்காம் நாள் 3 மீன்கள் செத்து மிதந்தன. பத்தாம் நாள் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. "நாங்கள் ஒவ்வொரு நாளும் சாப்பாடு போட்டனாங்கள்தானே, ஏன் ரீச்சர் செத்தது?" என்று ஒரு பிள்ளை கேட்டது. ஆசிரியை அதை எம்மிடம் கேட்டார். ஏதோ நோய் என்று சொல்லிச் சமாளித்தோம். உண்மையில் மீன்கள் செத்ததற்கு நாங்கள் போட்ட சாப்பாடும் ஒரு காரணம் என்பது பின்னர்தான் எமக்கு விளங்கியது.

மீனின் கழிவும் மிஞ்சிய உணவும் நீரில் அமோனியாவாக மாறுகின்றன. அமோனியா மீனின் பூக்களை அரிக்கும் நஞ்சு. ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாக மாற்றுகிறது. இதுவும் நஞ்சுதான், இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கவிடாது தடுக்கும். வேறொரு வகைப் பற்றீரியா நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றுகிறது. நைத்திரேற்று அளவோடு இருந்தால் மீனுக்கு அவ்வளவு கெடுதியில்லை. செடிக்கோ அது பசளை. கூட்டுப்பசளைக் குவியல் போட்டுப் பழகிய எமது விவசாயிகளுக்கு இது புதுக் கதையன்று. குவியல் ஒரே நாளில் பசளையாகாதது போலவே தொட்டியும் ஒரே நாளில் மீன் வாழும் இடமாகாது. இந்தப் பற்றீரியாக்கள் மணலிலும் வடிகட்டியிலும் பெருகி நிலைகொள்ள 4 தொடக்கம் 6 வாரங்கள் வரை செல்லும். நாம் ஒரு மாலைப் பொழுதுகூடப் பொறுக்கவில்லை.

இரண்டாம் முறை வேறு விதமாகத் தொடங்கினோம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் கொண்ட தொட்டி விளிம்பு வரை 56 லீற்றர் கொள்ளும். மண்ணும் மணலும் போட்ட பின் ஏறக்குறைய 45 லீற்றர் நீர் நிற்கும். மொத்தப் பாரம் ஓர் ஆளின் நிறையளவு வரும் என்பதால், ஆடும் மேசையில் வைக்கலாகாது. யன்னல் வெயில் நேரே படும் இடமும் ஆகாது; கிழமைக்குள் பாசி படர்ந்து பச்சைத் தண்ணீராகிவிடும். அடியில் ஓர் அங்குலம் தோட்ட மண் போட்டோம். எருவோ யூரியாவோ அண்மையில் இடாத மண்ணாக இருப்பது அவசியம். அதன் மேல் ஓர் அங்குலம் கழுவிய குருமணல். கடற்கரை மணலில் சிப்பித் துகளும் பவளத் துகளும் கலந்திருக்கும். அது நீரின் வன்மையை இன்னும் கூட்டிவிடும். சந்தேகமெனில் ஒரு பிடி மணலில் வினாகிரி ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு உண்டு.

செடிகளில் ஐதரில்லாவும் வலிஸ்னேரியாவும் முதலிடம் பெறுகின்றன. பாடசாலையில் ஒளித்தொகுப்பைக் காட்டப் புனலின் கீழ் வைத்தோமே, அதுதான் ஐதரில்லா. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நீரில் கரைந்துள்ள இருகாபனேற்றிலிருந்தே இவ்விரண்டும் காபனை எடுத்துக்கொள்ள வல்லவை. ஆகவே காபனீரொட்சைட்டுச் சிலிண்டர் வாங்கச் சொல்லும் கடைக்காரரின் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. மூன்றாவதாகக் கிரிப்டொகோரைன் வென்ற்ரி. இது இலங்கைக்கே உரித்தான செடி. இன்று உலகெங்கும் மீன் தொட்டிகளில் வளர்கிறது. நட்ட சில நாளில் இதன் இலைகள் கரைந்து அழுகுவதைக் கண்டு பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். கிழங்கு உயிரோடு இருந்தால் புது இலை வரும். செடிகளை நெருக்கமாக நடுவது நல்லது. ஏனெனில் அவையும் அமோனியாவை நேரடியாக உறிஞ்சிக்கொள்கின்றன. விளக்கு நாளுக்கு 6 தொடக்கம் 8 மணித்தியாலம் போதும்.

நீரை ஊற்றிச் செடிகளை நட்டபின், மீனில்லாத தொட்டிக்குத் தினமும் ஒரு சிட்டிகை மீனுணவு போட்டு வந்தோம். அது அழுகி அமோனியா உண்டாகும். பற்றீரியாவுக்கு அதுவே உணவு. பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஐந்தாம் கிழமை செடிகளில் புதுத் துளிர் நன்றாக விட்டிருந்தது. வாங்கிய சோதனைத் தாளில் அமோனியாவும் நைத்திரைற்றும் காணப்படவில்லை. அதன் பின்னரே 2 மீன்களை விட்டோம். பத்து நாள் கழித்து இன்னும் 2.

எந்த மீன் வளர்ப்பது என்பதைக் கிணற்றைக் கேட்டே தீர்மானிக்க வேண்டும். கேத்திலின் அடியில் வெள்ளைப் படை பிடிக்கிறதா? சவர்க்காரம் நுரைக்கப் பஞ்சிப்படுகிறதா? அப்படியானால் உங்களது வன்னீர். கப்பி, மொலி, பிளற்றி ஆகியவை அதில் செழித்து வளரும். ஆனால் காரத்தன்மை கூடிய நீரில் அமோனியாவின் நஞ்சும் கூடும். எமது வெப்பமும் அதற்குத் துணை. யாழ்ப்பாணத்துத் தொட்டிக்குப் பொறுமை இருமடங்கு தேவை என்று நாம் சொல்வது இதனாற்றான். கப்பி எமக்குப் புதிதன்று. நுளம்புக் குடம்பிகளைத் தின்பதற்காகக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் விடப்பட்ட மீன் அது. 45 லீற்றருக்கு 6 முதல் 8 ஆண் கப்பிகள் போதும். ஆணும் பெண்ணும் சேர்ந்தால் ஏறக்குறைய மாதம் ஒருமுறை குஞ்சு ஈனும், தொட்டி கொள்ளாது.

தென்மேற்கு ஈரவலயத்தில் நீர் மென்மையானது. அங்குள்ளவர்கள் சிங்களத்தில் லே திட்டயா எனப்படும் செரி பார்பை வளர்க்கலாம். அப்பகுதி ஓடைகளுக்கே உரிய இச்சிவப்பு மீனை 1929 இல் தெரணியகல விஞ்ஞான உலகுக்கு அறிமுகம் செய்தார். நிழலும் செடியும் விரும்பும் அமைதியான மீன். 6 மீன்களாவது ஒன்றாக இருக்க வேண்டும். பண்ணையில் பெருகியதா என்று கேட்டு வாங்குங்கள். ஓடையில் வலைபோட்டுப் பிடிக்கப் பிள்ளைகளை அனுப்பலாகாது. எமது அருமையான நன்னீர் மீன்களில் சில இனங்கள் ஒரு சில ஓடைகளில் மட்டுமே வாழ்கின்றன. தங்கமீன் வேண்டாம், செடியைத் தின்றுவிடும், இத்தொட்டிக்குப் பெரிதாகியும் விடும்.

'தொட்டி துப்புரவாக்கும் மீன்' என்று விற்கப்படும் உறிஞ்சுவாய் மீனையிட்டுச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. விரல் நீளத்தில் வாங்குவோம். ஓர் அடிக்கு மேல் வளரும். பின்னர் பாவம் என்று யாரோ குளத்தில் விட்டுவிடுகிறார்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இம்மீன் இன்று எமது நீர்த்தேக்கங்களில் பெருகி, முள்ளால் மீனவர்களின் வலைகளைக் கிழிக்கிறது. கத்தி மீனும் இவ்வாறே பரவியது. 1939 இல் ஆய்வுத் தேவைக்காகக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்ட சல்வீனியா வயல்களையும் குளங்களையும் மூடிய கதையை முதியோர் அறிவார்கள். தொட்டிச் செடியின் மிச்சத்தையும் வாய்க்காலில் போடாமல் வெயிலில் காயவைத்துப் பசளைக் குழியில் போடுங்கள். வேண்டாத மீனைக் கடைக்கோ இன்னொரு தொட்டிக்காரருக்கோ கொடுங்கள்.

பராமரிப்பு அதிகமில்லை. 2 நிமிடத்தில் தின்று முடிக்கும் உணவே ஒரு வேளைக்குப் போதும். கிழமைக்கு ஒருமுறை நீரில் நான்கில் ஒரு பங்கை மாற்றவேண்டும். குழாய் நீராயின் குளோரீன் போக ஒருநாள் திறந்த வாளியில் வையுங்கள். வடிகட்டியின் பஞ்சைத் தொட்டியில் எடுத்த நீரிலேயே அலசுங்கள். குளோரீன் நீர் பற்றீரியாவைக் கொன்றுவிடும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினால் தாமதியாமல் பாதி நீரை மாற்றுங்கள். அன்று உணவு போட வேண்டாம்.

முன்பள்ளிப் பிள்ளைகள் இப்போது வெள்ளிக்கிழமை தோறும் தொட்டியிலிருந்து ஒரு வாளி நீர் எடுக்கிறார்கள். அது வாசலில் நிற்கும் இரண்டு மிளகாய்க் கன்றுகளுக்குப் போகிறது. ஒன்று காய்த்துவிட்டது.